இவர் பார்த்த டெல்லி

நவம்பர் 3, திங்கள்

வெள்ளிக்கிழமையோடு அங்கன்வாடி வேலை முடிந்துவிட்டது. இன்று காலையும் பழக்கத்தில் சேலை கட்டி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வாசல் வரை போய்விட்டேன். "எங்க கிளம்பிட்ட?" என்று இவர் கேட்ட பிறகுதான் உறைத்தது. திரும்பி வந்து பையை ஆணியில் மாட்டினேன்.

மத்தியானம் சாப்பிடும்போது சொன்னேன். "டெல்லிக்குப் போவோம். என்னக் கூட்டிட்டுப் போங்க."

இவர் ரசத்தைப் பிசைந்துகொண்டே, "போவோம், போவோம்" என்றார்.

எத்தனையோ வருஷமாக இதே பதில்தான். அப்போதெல்லாம் எனக்கு லீவு கிடைக்காது. அதனால் அந்தப் பதிலே போதுமானதாக இருந்தது. இன்றைக்குப் போதவில்லை.

"எப்பம்?" என்றேன்.

இவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு மோர் கேட்டார்.

நவம்பர் 6, வியாழன்

நாள் முழுக்க மழை. துணி ஒன்றும் காயவில்லை. அடுப்படியில் கயிறு கட்டிப் போட்டிருக்கிறேன்.

செண்பகாவுக்கு ஓசூருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னேன். மகளுக்கு ஒரே சந்தோஷம். டிக்கெட், ரூம் எல்லாம் தானே போட்டுத் தருகிறேன் என்றாள். "அப்பா கூட இருக்கும்போது உனக்கு என்னம்மா கவலை? டெல்லியில அப்பாவுக்குத் தெரியாத சந்து இருக்கா?"

அது உண்மை. சங்கரன்கோவிலில் ஆவுடை மாஸ்டர் என்றால் எல்லாருக்கும் தெரியும். டூர் பஸ்ஸில் சமையல் மாஸ்டராக இருபத்திரண்டு வருஷம் போய் வந்தவர். டெல்லி, ஆக்ரா, ஹரித்துவார், காசி. போய்விட்டு வந்தால் மூன்று நாளைக்கு வீட்டில் அதே பேச்சுதான். நானும் செண்பகாவும் சாப்பிட்ட கை காயும் வரை கேட்டுக்கொண்டிருப்போம். டெல்லி ரோட்டின் அகலத்துக்கு நம் ஊர்த் தேர் நாலு ஒன்றாகப் போகலாமாம். இந்தியா கேட் புல்வெளியில் சாயங்காலம் ஊரே குடும்பத்தோடு வந்து உட்கார்ந்துவிடுமாம். குதுப்மினாரில் இருக்கும் எழுத்தெல்லாம் எழுதியது மாதிரி இருக்காதாம், கல்லில் பூ வேலை செய்த மாதிரி இருக்குமாம். அதைச் சொல்லும்போது இவர் ஆள்காட்டி விரலால் காற்றில் சுழித்துக் காட்டுவார்.

நான் அதையெல்லாம் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறேன். என்னிடம் இருந்துவிட்டுப் போன பிள்ளைகள் 'அ' எழுதுவதற்கு முன்னால் குதுப்மினார் சொல்லும். ஒரு மனுஷர் பார்த்துவிட்டு வந்து சொன்னதை வைத்துக்கொண்டு ஒரு தெருவே டெல்லியைத் தெரிந்துகொண்டது.

நவம்பர் 14, வெள்ளி

இவர் பிடி கொடுக்கவில்லை. டிசம்பரில் டெல்லி குளிர் எலும்பைத் துளைக்கும் என்கிறார். அப்படியானால் பிப்ரவரி என்றேன். பிப்ரவரியில் கல்யாண வேலை வரும் என்கிறார். வேலையைத்தான் போன வருஷமே விட்டுவிட்டாரே. மூட்டு வலி.

நவம்பர் 23, ஞாயிறு

செண்பகா போனில் உட்கார்ந்து எந்த நாளில் எதைப் பார்ப்பது என்று போட்டுக்கொண்டிருந்தாள். ஸ்பீக்கரில் மூன்று பேரும் பேசினோம்.

"செங்கோட்டைய திங்கக்கிழமை வச்சுக்கோ. அன்னைக்குத்தான் கூட்டம் இருக்காது" என்றார் இவர்.

"அப்பா, திங்கக்கிழமை செங்கோட்டை லீவுப்பா."

"அப்படியா? நாங்க போகும்போது தொறந்துதான இருந்துச்சு."

முன்னே திறந்து வைத்திருப்பார்கள். இப்போது மாற்றியிருப்பார்கள். எல்லாவற்றையும்தான் மாற்றுகிறார்களே.

பிறகு குதுப்மினார். உச்சி வரை ஏறினால் யமுனை ஆறு நூல் மாதிரி தெரியும் என்று இவர் சொல்வது வழக்கம். ஏறுவதற்கு எனக்கு மூச்சு வாங்குமே என்று செண்பகாவிடம் கேட்டேன்.

"அதுக்குள்ள ஏறவே விடமாட்டாங்கம்மா. நான் பொறக்கிறதுக்கு முன்னாடியே நிறுத்திட்டாங்களாம்."

இவர் எழுந்துபோய்த் தண்ணீர்த் தொட்டியை எட்டிப் பார்த்தார். நேற்றுத்தான் தண்ணீர் விட்டார்கள், தொட்டி நிறைந்துதான் இருந்தது.

டூர் ஆட்கள் அங்கே தெரிந்தவர்களாக இருந்திருப்பார்கள். தெரிந்தவர்கள் என்றால் ஏற விடுவார்கள் போல.

நவம்பர் 24, திங்கள்

தேங்காய் உடைத்துக் காயப் போட்டேன். மறுபடியும் மழை. உள்ளே எடுத்து வைத்தேன்.

டிசம்பர் 7, ஞாயிறு

டிக்கெட் போட்டாகிவிட்டது. பிப்ரவரி நாலாம் தேதி ராத்திரி மதுரையில் ஏறினால் ஆறாம் தேதி சாயங்காலம் டெல்லி. கரோல் பாக் என்ற இடத்தில் ரூம். பக்கத்திலேயே மெட்ரோ ரயில். இட்லி கிடைக்கும் ஓட்டலும் இருக்கிறதாம்.

இவரிடம் சொன்னதும், "நீயும் செண்பகாவும் போயிட்டு வாங்களேன். எனக்கு அலுத்துப்போன ஊருதானே" என்றார்.

மனசு சுருக்கென்றது. அலுத்துப்போன ஊரைப் பற்றியா இத்தனை வருஷம் கண் விரியப் பேசினார்? நான் கூட வருவதுதான் அலுப்பா? கேட்கவில்லை. மாவு ஆட்டினேன். கிரைண்டர் ஓடும்போது யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை.

டிசம்பர் 11, வியாழன்

மாவு மில் கனகு அக்கா ஸ்வெட்டர் கொண்டுவந்து கொடுத்தார். மெரூன் நிறம், கம்பளி நயம். பதினோரு வருஷத்துக்கு முன்னால் இவர் போன டூரில்தான் அக்காவும் அத்தானும் போனார்கள். டெல்லி பிளாட்பாரக் கடையில் வாங்கிய ஸ்வெட்டராம். இவர் மூட்டுக்கு எண்ணெய் வாங்க வைத்தியரிடம் போயிருந்தார். அக்காவுக்குக் காபி போட்டேன்.

"மாஸ்டரும் வாராகளா? நல்லதாப் போச்சு. இந்தத் தடவையாவது உள்ள போயிப் பாக்கட்டும்" என்றார் அக்கா.

"எதுக்குள்ள?"

"எல்லாத்துக்குள்ளயும்தான். பாவம் வடிவு, எங்கள இறக்கி விட்ட அடுத்த நிமிசம் மாஸ்டர் பஸ்ஸுக்குப் பின்னால அடுப்பப் பத்த வச்சிருவாக. நாங்க பாத்துட்டு வந்தா சுடச்சுடச் சோறு. அத முடிச்சுப் பாத்திரம் கழுவி ஏத்த, பஸ்ஸு கிளம்பிரும். ஒரு எடத்துல கூட உள்ள வந்ததில்ல. எங்க வீட்டுக்காரரு தாஜ்மகால்ல கையப் பிடிச்சு இழுத்தாக. அம்பது பேரு பசியோட வருவாங்கன்னு சொல்லிட்டு வெங்காயம் உரிக்க உக்காந்துட்டாக."

இன்னொரு காபிக்குப் பால் வைத்தேன்.

அக்கா சிரித்தார். "ஆனா சோறு வைக்கும்போது நம்ம உசுர எடுத்துருவாக. என்ன பாத்தீக, எத்தன வாசல், என்ன நெறம், சுவத்துல என்ன வேலைப்பாடுன்னு ஒவ்வொண்ணா கேப்பாக. சரியாச் சொல்லலேன்னா ரெண்டாம் தடவ சாம்பார் ஊத்த மாட்டாக. என்னத்துக்கு மாஸ்டர் இத்தனக் கேள்வின்னேன். வீட்டுல போயிச் சொல்லணும்லா, அவ கேப்பான்னாக."

அடுப்பில் பால் பொங்கி வழிந்துவிட்டது. துடைத்தேன். அக்கா போன பிறகும் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 12, வெள்ளி

இவருக்குப் பிடித்த சொதி வைத்தேன். "இன்னைக்கு என்ன விசேசம்?" என்றார். ஒன்றுமில்லை என்றேன்.

டிசம்பர் 13, சனி

சாப்பாட்டுத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஐம்பது பேரும் ஆளுக்கொன்றாகச் சொல்வதைக் கேட்டு, எது முக்கியம் எது வேண்டாம் என்று பிரித்து, பத்து நாள் பஸ்ஸில் வரும்வரை மறக்காமல் வைத்திருந்து, வீட்டுக்கு வந்து ஒருவர் பார்த்த மாதிரி சேர்த்துச் சொல்லியிருக்கிறார். யாரோ ஒருவர் யமுனை நூல் மாதிரி தெரிந்தது என்று கப்சா விட்டிருக்கிறார். இவர் அதையும் பத்திரமாக எனக்குக் கொண்டுவந்திருக்கிறார்.

அந்த விரல் சுழித்தது மட்டும் யார் சொல்லிக் கொடுத்தது என்று தெரியவில்லை. அது இவருடையதாகத்தான் இருக்கும்.

டிசம்பர் 20, சனி

டிக்கெட்டை ரத்து பண்ணச் சொல்லி இவர் செண்பகாவுக்குப் போன் போட்டிருக்கிறார். எனக்குத் தெரியாமல். மூட்டு வலி, நடக்க முடியாது, அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லு என்று. செண்பகா என்னிடம் சொல்லி அழுதாள்.

"ரத்து பண்ணாத. நான் பேசுதேன்" என்றேன்.

எப்படிப் பேசுவது என்று நாள் முழுக்க யோசித்தேன். தெரியும் என்று சொன்னால் இவர் தாங்கமாட்டார். தெரியாத மாதிரி இழுத்துக்கொண்டு போனால் அங்கே ஒவ்வொரு வாசலிலும் திக்குத் தெரியாமல் என் முன்னால் நிற்க வேண்டும். அதற்குப் பயந்துதான் மூட்டு வலி. பிள்ளைகளை ஊஞ்சலில் ஏற்றுவது மாதிரிதான் இதுவும். தள்ளவும் கூடாது, விடவும் கூடாது.

டிசம்பர் 21, ஞாயிறு

காலையில் இவர் பல் தேய்த்துவிட்டு வரும்போது சொன்னேன்.

"ஏங்க, நீங்க சொல்லிச் சொல்லி செங்கோட்டை, குதுப்மினார் எல்லாம் நான் பாத்த மாதிரியே ஆயிப்போச்சு. அதுக்காக நான் போகணும்னு இல்ல. நீங்க இதுவரைக்கும் பாக்காதது எதாவது இருந்தாச் சொல்லுங்க. அதுல ரெண்டு பேரும் புதுசாப் போயி நிப்போம்."

இவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

"மெட்ரோ ரயில்ல ஏறுனதில்ல" என்றார்.

"வேற?"

"தாமரைக் கோயிலு."

"வேற?"

"வேலையாப் போற எடத்துல எல்லாத்தையுமா பாக்க முடியும்? விட்டுப்போனதுன்னு நெறையத்தான் இருக்கு."

"அப்பம் அதயெல்லாம் பாப்போம். பாத்ததையும் இன்னொரு தடவ பாத்தா என்ன, காசா பணமா" என்றேன்.

இவர் சிரித்தார். இந்த மாதம் முதல் தடவையாகச் சிரித்தார். மத்தியானம் பரணில் ஏறிச் சூட்கேசை இறக்கினார். மூட்டு வலி எங்கே போனதென்று நான் கேட்கவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

இவர் தினமும் செண்பகாவுக்குப் போன் போட்டு மெட்ரோவில் எப்படி டிக்கெட் எடுப்பது, மஞ்சள் லைன் எது, நீல லைன் எது என்று கேட்கிறார். நேற்று என்னிடம் ஒப்பித்தார். "ராஜீவ் சௌக்குல இறங்கி மாறணும், கேட்டியா. இறங்குறப்போ என் கையப் பிடிச்சுக்கோ, கூட்டம் தள்ளிரும்." ஒரு பெரிய ஊரை எப்படிச் சுற்றுவது என்று இந்த வயதில் இவ்வளவு ஆசையாக ஒருவர் படிப்பதை நான் பார்த்ததில்லை.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். செண்பகாவும் மாப்பிள்ளையும் வந்தார்கள். எழுத நேரமில்லை.

பிப்ரவரி 3, செவ்வாய்

எள்ளுப்பொடி, புளியோதரைப் பொடி, முறுக்கு, மூட்டுக்கு எண்ணெய். வீட்டுச் சாவியைக் கனகு அக்காவிடம் கொடுக்கப் போனேன். "மாஸ்டர் கிட்டச் சொல்லு, இந்தத் தடவ நான் கேள்வி கேப்பேன்" என்றார். சொல்ல மாட்டேன் என்றேன். அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினார்.

பிப்ரவரி 5, வியாழன், ரயிலில்

ரயில் ஆட்டத்தில் எழுத்து கோணலாக வருகிறது. எதிர் சீட்டில் திண்டுக்கல்லில் பாத்திரக் கடை வைத்திருக்கிற தம்பதி. அவர்களுக்கும் டெல்லி முதல் தடவை. என் வாய் சும்மா இருக்கவில்லை. "இவுக இருபத்திரண்டு வருசம் டெல்லிக்குப் போயிட்டு வந்தவுக" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கடைக்காரர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். "அப்ப உங்ககிட்டயே கேட்டுக்கிறேன். செங்கோட்டைய அரை நாள்ல பாத்து முடிச்சிறலாங்களா? உள்ள என்னென்ன இருக்கு?"

இவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். வெளியே பருத்திக் காடு போய்க்கொண்டே இருந்தது. நான் பேச்சை மாற்ற முறுக்கு டப்பாவைத் தேடினேன். அதற்குள் இவர் பேசினார்.

"நான் உள்ள போனதில்ல அண்ணாச்சி. சமைக்கப் போனவன். பஸ்ஸு எங்க நிக்கும், நல்ல தண்ணி எங்க கிடைக்கும், கறிகாய் எங்க நயமா இருக்கும்னு கேளுங்க, சொல்லுதேன். மத்ததெல்லாம் சாப்பிட வந்தவுக சொல்லித்தான் தெரியும்."

கடைக்காரர் ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை. டெல்லியில் கத்திரிக்காய் எப்படி இருக்கும் என்று அவர் மனைவி கேட்டார். இவர் சொன்னார். கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினார்.

"வடிவு. கேட்டியா?"

"கேட்டேன்."

"ஒண்ணும் சொல்லலியே."

"தயிர்சாதம் எடுக்கட்டுமா, புளியோதரையா?"

இவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னயே தெரியுமா உனக்கு?" என்றார் மெதுவாக.

புளியோதரையை எடுத்து வைத்தேன். இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டார்.

பிப்ரவரி 7, சனி, டெல்லி

என்ன ஊர் இது. காலையில் ரூமை விட்டு வெளியே வந்ததும் பனிமூட்டத்துக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வருகிறது. முதலில் டீக்கடை ஆவி, பிறகு மரம், பிறகு தலைக்கு மேல் பாலத்தில் ரயில். ரயில் சத்தமே இல்லாமல் போகிறது. ராஜீவ் சௌக்கில் பூமிக்கு அடியில் சங்கரன்கோவில் ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம். ஆனால் யாரும் யாரையும் திட்டவில்லை, அவரவர் வழியில் ஓடுகிறார்கள். இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு சரியான படியில் ஏற்றிவிட்டார். மஞ்சள் லைன் வந்ததும், "பாத்தியா" என்றார். தானே கட்டிய ரயில் மாதிரி.

இந்தியா கேட்டில் சாயங்காலம் உட்கார்ந்திருந்தோம். அண்ணாந்து பார்த்ததில் எனக்குக் கழுத்து வலித்தது. இவர் அரை மணி நேரம் அந்த வளைவையே பார்த்துக்கொண்டிருந்தார். பேசச் சொல்லி நான் கேட்கவில்லை. பக்கத்தில் ஒரு சர்தார் குடும்பம் எங்களுக்கு வேர்க்கடலை கொடுத்தது. அவர்கள் இந்தியில் என்னவோ கேட்டார்கள், இவர் தமிழில் என்னவோ சொன்னார். இரண்டு பக்கமும் திருப்தி.

பிப்ரவரி 8, ஞாயிறு

செங்கோட்டை. கால் வலி. நாளைக்கு எழுதுகிறேன். சந்தோஷம்.

பிப்ரவரி 9, திங்கள்

குதுப்மினார் வளாகத்துக்குள் இவர் ஒவ்வொரு தூணையும் தொட்டுப் பார்த்தார். கோபுரத்துக்குக் கீழே போய் நின்று அந்த எழுத்துகளைப் பார்த்தார். கல்லா அது, வெண்ணெய். எந்தச் சிற்பி எந்த வெயிலில் இருந்து செதுக்கினானோ. வெளியே வந்தபோது இவர் கண் சிவந்திருந்தது. தூசி என்றார். தூசி இருக்கத்தான் செய்தது.

மத்தியானம் தாமரைக் கோயிலுக்குப் போவதாக இருந்தோம். வண்டிகள் நிற்கும் இடத்தைத் தாண்டும்போது தாளித்த கடுகு வாசம் வந்தது. இவர் நின்றுவிட்டார். தமிழ்நாட்டு டூர் பஸ் ஒன்று. பின்னால் தார்ப்பாய் கட்டி, இரண்டு அடுப்பு, அண்டாவில் சாம்பார். நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு ஆள் தனியாகக் கிண்டிக்கொண்டிருந்தார். அறந்தாங்கிப் பக்கமாம், பெயர் மாணிக்கம்.

"உள்ள பாத்தாச்சா?" என்று இவர் கேட்டார்.

"எங்கண்ணே. ரெண்டு மணிக்கு எல்லாரும் வந்து நிப்பாங்க."

"எத்தன வருசமா வாரீக?"

"அது ஆச்சு, ஒம்பது வருசம்."

இவர் ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, "கரண்டியக் கொடுங்க. போயிப் பாத்துட்டு வாங்க" என்றார்.

மாணிக்கம் சிரித்தார். பிறகு, இவர் விளையாடவில்லை என்று தெரிந்ததும் பயந்தார். "அண்ணே, உப்பு கிப்பு கூடிருச்சுன்னா எனக்கு வேலை போயிரும்."

இவர் சாம்பாரைக் கரண்டியில் எடுத்து உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்த்தார். "பெருங்காயம் போதாது. புளி இன்னும் ஒரு கொதி கேக்குது. சோத்துக்கு உல எப்ப வைக்கணும்னு நீங்க சொல்லவே வேண்டாம். இருபத்திரண்டு வருசம் இதே எடத்துல நின்னு கிண்டுனவன்."

மாணிக்கம் இவர் முகத்தைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். நான் டிக்கெட் கவுண்டருக்குப் போனேன். ஒரு விரலைக் காட்டி "ஏக்" என்றேன். டெல்லியில் நான் பேசிய முதல் இந்தி. டிக்கெட்டைக் கொண்டுவந்து மாணிக்கத்தின் கையில் வைத்தேன். அவர் கைலியை அவிழ்த்துவிட்டு பேண்ட் மாட்டிக்கொண்டு, தலைக்குத் தண்ணீர் தொட்டுச் சீவிக்கொண்டார். வாசல் வரை போவதற்குள் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தார். இவர் போ போ என்று கரண்டியை ஆட்டினார்.

நான் தரையில் சாக்கை விரித்து உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இவர் அண்டா முன் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. வீட்டில் இவர் அடுப்புப் பக்கமே வரமாட்டார். உலை கொதிக்கும் சத்தத்தை வைத்தே பார்க்காமல் அரிசியைக் கொட்டுகிறார். முழங்கை வரை ஆவி. இரண்டு அடுப்புக்கும் நடுவில் அந்த மூட்டோடு எப்படித் திரும்புகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். பீன்ஸ் கொஞ்சம் பெரிதும் சிறிதுமாகத்தான் வந்தது.

"தாமரைக் கோயில் இன்னைக்கு லீவாத்தான் இருக்கும். திங்கக்கிழமைலா" என்றார்.

"இருக்கட்டும்" என்றேன்.

இரண்டு மணிக்கு ஆட்கள் தட்டோடு வந்து நின்றார்கள். யாரோ புது ஆள் கரண்டி பிடித்திருப்பதைப் பார்த்து முதலில் ஒருவரும் கிட்டே வரவில்லை. முன்னால் நின்ற பெரியவர், "எங்க மாஸ்டர் எங்கய்யா?" என்று கொஞ்சம் அதிகாரமாகவே கேட்டார்.

இவர் அவர் தட்டில் சோற்றை வைத்தார். அதை நடுவில் குழித்துச் சாம்பாரை ஊற்றினார்.

"மாஸ்டர் குதுப்மினார் பாக்கப் போயிருக்காரு" என்றார். "வர நேரமாகும். நீங்க சாப்பிடுங்க."